எல்லாத் தரைக்கும் ஏற்ற டயர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன் இந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதற்காக எழுதத் தொடங்கிய கதை இது. மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. விவாகரத்து முடிந்த கையோடு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பையோடும் பழைய ரேஸ் சைக்கிளோடும் வந்தான். பை கட்டிலுக்கு அடியில் போனது. சைக்கிள் நான் எழுதும் அறையின் சுவரில், கொக்கியில் ஏறியது. என் மேஜைக்கு எதிரிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் வந்து, பெய்து, போயும்விட்டது.

நிமிர்ந்தால் சக்கரம், குனிந்தால் அவன் கால். இந்த லட்சணத்தில் நான் வேறு எதைப் பற்றி எழுதுவது?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்தச் சைக்கிளின் மெல்லிய சக்கரங்களைப் போலவே அவன் வாழ்க்கையும்...

(சகிக்கவில்லை. விட்டுவிட்டேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

பிறகு:

"தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்துதான் அவனுடைய புது வேலைக்குப் பாதை தொடங்கியது."

இது தேவலை, உண்மையும்கூட. ஒரு நீர்த்தேக்கத்தில் பம்பு மெக்கானிக் வேலை. குடியிருப்பு ஊருக்குள் இருக்கிறது, பம்பு நிலையம் கரையோரம். நடுவில் பாதி தூரம் தார், மீதி சரளைக்கல். மழை பெய்தால் அதுவும் சேறு. உத்தரவு வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர் சரளையில் நிற்காது. தாரிலும் ஓடி, சரளையிலும் ஓடி, சேற்றிலும் வழுக்காத டயராக மாற்ற வேண்டும். மாற்றியதும் கிளம்பிவிடுவான். கதை அவ்வளவுதான். ஒரே பக்கத்தில் முடிந்திருக்க வேண்டியது.

3

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"எனக்குச் சத்தம் ஆகாது மாமா."

"நீ போறது பம்பு ஸ்டேஷனுக்குடா மாப்ளே!"

"அது வேலைச் சத்தம். அது வேற."

இப்படி ஒருவனைக் கற்பனையில் உண்டாக்கினால் எந்த வாசகரும் நம்ப மாட்டார். ஆனால் இவன் என் எதிரில் கட்டிலில் குப்புறப் படுத்து, கைப்பேசியில் டயர் பார்த்துக்கொண்டிருக்கிறானே, என்ன செய்ய?

பழைய ரேஸ் சைக்கிளில் டயருக்கென்று விட்டிருக்கும் இடம் ரொம்பக் கொஞ்சம். முன்னால் பிரேக்குக்குக் கீழே விரல் நுழையாது. பின்சக்கரம் பெடலுக்குப் பக்கத்தில், இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கும். இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயர் தாராளமாகப் போகும், சரளையில் தடுமாறும். முப்பத்திரண்டு சரளைக்கு நல்லது, போகுமா என்பதுதான் கேள்வி. நடுவில் முப்பது என்று ஒரு ரெண்டுங்கெட்டான். வழுவழுப்பான நடுப்பகுதியா, ஓரங்களில் சின்னச் சின்ன ரப்பர்க் கட்டை வைத்ததா என்பது இன்னொரு வழக்கு. காலையில் இருபத்தெட்டின் கட்சியில் இருப்பவன் சாயங்காலம் முப்பத்திரண்டின் கட்சிக்குத் தாவியிருப்பான்.

(* 'எல்லாத் தரைக்கும் ஏற்றது' என்று டயர்க்காரர்கள் போடுவதும், 'எல்லா வயதினருக்கும்' என்று பதிப்பாளர்கள் அட்டையில் போடுவதும் ஒன்றுதான். யாருக்கென்று அவர்களுக்கே தெரியவில்லை என்று பொருள். அடிக்குறிப்பாக வைக்க நினைத்தேன், பொறுமை இல்லை.)

4

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் பிசியோதெரபிஸ்ட். மடங்க மறுக்கும் முட்டிகளை மடக்கிக் காட்டுவது அவள் தொழில்.

"என் தம்பியைக் கோமாளி ஆக்கி வெச்சிருக்கீங்க" என்றாள்.

"கேலி பண்றது பிரியத்துலதானே?"

"பிரியம் இருந்தா, அவன் ஏன் டயர் டயர்னு கிடக்கறான்னு எழுதியிருப்பீங்க."

சரி, எழுதுகிறேன். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அவன் தனியாக இருந்த வீட்டுக்கு நாங்கள் போனோம். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. ஜன்னல் கொண்டிகள் இறுகிப்போயிருந்தன. அவன் சட்டை அவனுடையது மாதிரியே இல்லை, அவ்வளவு இளைத்திருந்தான். இங்கே வந்த பிறகுதான் சிரித்தான், என்னோடு சண்டை போட்டான், குழம்பில் உப்பு போதாது என்று வாய் பேசினான். மறுபடியும் தனியாக இருக்க அவனுக்குப் பயம். அதைச் சொல்ல வாய் வராமல்தான் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

"அப்ப இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

(கவனித்தீர்களா? அவனைக் கிளப்புவதற்காகக் கதை எழுத உட்கார்ந்தவன் நான். இந்த வாக்கியத்தை இரண்டு முறை நீக்கினேன், இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

அவளுக்குக் கண் கலங்கியது. "எனக்கு மட்டும் அவனை அனுப்ப ஆசையா? இந்த வேலையும் கைவிட்டுப் போச்சுன்னா அவன் இனிமே எதுக்கும் கிளம்ப மாட்டாங்க. நம்ம கட்டில்லயே கிழவனாயிடுவான்."

5

"முப்பத்திரண்டையே வாங்கு மாப்ளே, உசிரை எடுக்காதே" என்று முடிவாகச் சொன்னவன் நான்தான். இரண்டு டயரும் சனிக்கிழமை வந்து சேர்ந்தன.

"இது பொருந்தலைன்னா, நான் போக வேண்டாம்னு அர்த்தம் மாமா. அதுக்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேக்கக் கூடாது" என்றான் அவன், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே.

மாட்டினோம். சைக்கிளைக் கொக்கியில் ஏற்றிப் பின்சக்கரத்தைச் சுண்டிவிட்டோம். எங்கும் படாமல், சத்தமில்லாமல், சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கை தட்டினேன். அவன் அந்த உற்சாகத்தில் பழைய டயர்களைக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்து, ஒரு துண்டை ஆடிக்கொண்டிருந்த என் மேஜைக் காலுக்கு அடியில் வைத்தான். மீதியைக் குப்பை வண்டிக்காரர் கொண்டுபோய்விட்டார்.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். கொக்கியில் தொங்கும் சைக்கிளில் ஆள் இல்லை. ஆள் ஏறி அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சும்மா சுற்றும்போது இருந்த இடைவெளி அப்போது இருக்காது. கதை எழுதுகிறவன் யோசனை சொன்னால் இப்படித்தான் ஆகும்.

(பம்பு மெக்கானிக்குக்கு இதுகூடத் தெரியாதா? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அவனை ஒழுங்காக உருவாக்கவில்லையோ என்று இப்போது

6

ஞாயிற்றுக்கிழமை மதியம். சைக்கிளைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. என் மனைவி அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவன் மட்டும் அறையைவிட்டு வரவில்லை.

"ஒரு தடவை ஏறிப் பாத்துடறேன் மாமா. நீங்க கீழேர்ந்து பாருங்க."

சைக்கிளைத் தரையில் இறக்கி ஏறினான். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிரேக்கை இறுக்கி, பெடலில் முழு எடையையும் போட்டு நின்றான். நான் டார்ச்சோடு தரையில் மல்லாந்து படுத்தேன். அவன் அழுத்த அழுத்த டயர் மெல்ல நகர்ந்து போய் இடப்பக்கக் குழாயைத் தொட்டது. பெயின்ட்டில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவன் காலைத் தளர்த்தியதும் மறுபடி இடைவெளி வந்துவிட்டது.

"உரசுதா மாமா?" என்று கேட்டான்.

7

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. "உரசுதுடா" என்கிறேன். அவன் இறங்கிச் சைக்கிளைக் கொக்கியில் மாட்டுகிறான். திங்கட்கிழமை வந்து போகிறது. அவன் சாப்பிடுகிறான், சிரிக்கிறான், கைப்பேசியில் டயர் பார்க்கிறான். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை. என் மனைவி பையிலிருந்து அவன் துணிகளை எடுத்து மடித்து வைக்கிறாள், எங்களோடு பேசாமல்.

ஆ. "ஒண்ணும் இல்லை, கிளம்பு" என்கிறேன். அவன் போகிறான். வேலையில் சேர்கிறான், ஜன்னலைத் திறந்து வைக்கிறான், தானே சமைக்கக் கற்றுக்கொள்கிறான். ஒரு நாள் சரளையில் டயருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கல் மாட்டிச் சக்கரம் அப்படியே நின்றுவிட, அவன் தலைகுப்புற... (இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நடக்காமலும் போகலாம்.)

இ. "உரசுது, ஆனா நீ போ. அங்கே போய் இருபத்தெட்டு மாத்திக்கலாம்." நல்ல புத்தியுள்ள எவரும் இதைத்தான் சொல்வார்கள். நீங்களும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் அவனை வளர்த்த அவன் அக்கா எப்போதோ சொன்னாள்: "அவன் முதல் வார்த்தையோட நின்னுடுவான். மீதியெல்லாம் அவன் காதுல ஏறாது." உரசுது என்றதும் அவன் இறங்கிவிடுவான்.

ஈ. மின்சாரம் போய் டார்ச்சும்

(வேண்டாம். இது தப்பித்தல்.)

8

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். ஆறாம் பகுதியின் கடைசி வரி நான் மாற்றி எழுதியது. "உரசுதா மாமா?" என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு இந்தத் தவிப்பு இருந்திருக்காது. கேட்டவனிடம் கண்டதைச் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

நடந்தது இது. அவன் பெடலில் நின்றபடியே ஹேண்டில்பாரின் மேல் குனிந்தான். என்னைப் பார்க்காமல், வாசலில் நின்ற அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"உரசுதுன்னு சொல்லிடுங்க மாமா."

டயர் குழாயைத் தொட்டது நிஜம். அவன் இருக்கும் இடத்திலிருந்து அது தெரியாது. வாசலில் இருப்பவளுக்கும் தெரியாது. பார்த்தது நானும் நீங்களும் மட்டும்தான்.

"என்னங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. சைக்கிள் சரியா இருக்கா இல்லையா?" என்று அவள் கேட்கிறாள்.

நான் தரையில் கிடக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், அவள் வாசலில் நிற்கிறாள்.