பெட்ரோல் தீர்ந்த ரம்பம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், இன்று சவப்பெட்டியில் படுப்பவன் நிஜமாகவே எழுந்திருக்காமல் போகட்டும். படுப்பவன் நான்தான், ஆகையால் யோசித்துத்தான் சத்தியம் செய்கிறேன்.

எங்கள் ஒஹாயோ ஊரில் தீயணைப்புத் தொண்டர்கள் அக்டோபர் தோறும் பேய்ப் பண்டிகைக்கு ஒரு கொட்டகையைப் பேய்வீடாக்கி, டிக்கெட் போட்டு ஜனங்களை அலறவைக்கிறோம். முதல் அறையில் நான் பிணம். என் நடிப்பைப் பார்த்து ஊர் வெட்டியான் இரண்டு முறை அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

கடைசியில், சோளக்காட்டுக்குள் வெளியேறும் வாசலில், ஹார்லன். பால் லாரி ஓட்டுகிறவன். கையில் சங்கிலியைக் கழற்றிவிட்ட மோட்டார் ரம்பம். வெட்டாது, சத்தம் மட்டும் நிஜம்.

இந்த ஹார்லனுக்கு லோரீனைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் முகங்களில் ரத்தமும் தழும்பும் பூசுகிறவள் அவள்தான்.

"ஆடாத, ஹார்லன். ஏதாச்சும் பேசேன். நான் என்ன கடிச்சா வெக்கப் போறேன்?"

"ம்."

ஆனால் ரம்பம் உறுமத் தொடங்கியதும், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், மனதில் உள்ளதை எல்லாம் அவளிடமே சொல்வதுபோல் கத்துவான். வாய் அசைவதைப் பார்த்த ஜனங்கள் கொலை மிரட்டல் என்று நினைத்து ஓடுவார்கள். பலகை இடுக்கு வழியாகவே எனக்கு உதட்டசைவு புரியும். பிணத்துக்கு அதைக் கற்றுக்கொள்ள நேரம் நிறைய.

போன வருஷம் கடைசி நாள் மதியம் தழும்பு பூசும்போதே லோரீன் சொன்னாள்: "திங்கக்கெழம அரிசோனா போறேன். அக்கா வீட்டோடயே இருந்துடலாம்னு."

ஹார்லனின் முகம் வெளுத்ததில் அவனுக்கு மட்டும் வெள்ளைப் பவுடர் மிச்சம்.

"இன்னிக்காவது சொல்லித் தொலைடா," என்றேன் தனியாக.

"வாய் வரல, பெருசு."

அவன் காபிக்குப் போன நேரம், ரம்பத்திலிருந்த பெட்ரோலை ஒரு மடக்கு மட்டும் விட்டுவிட்டுக் கொட்டினேன்.

கடைசி நாளில் ஒப்பனைக்காரர்களும் டிக்கெட் கிழிப்பவர்களும் ஒருமுறை ஜனங்களோடு உள்ளே நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். பொழுது சாயும் முன்னே பாதிரியார் கூட்டிவந்த கும்பலோடு லோரீனும் வந்தாள். நான் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

"வெர்ன், பல்செட்ட மாட்டு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலில் ரம்பம் உறுமியது. எல்லோரும் ஓடினார்கள். பாதிரியார் சோளக்காட்டுக்குள் புகுந்தவர் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தார். லோரீன் மட்டும் நின்றாள். தான் பூசிய முகத்துக்கு யார் பயப்படுவார்கள்?

ஹார்லன் வழக்கம்போல் கத்தத் தொடங்கினான். ரம்பம் இருமிச் செத்தது. அவன் தொண்டைக்கு அது தெரியவில்லை.

"...நீ போயிட்டா எனக்கு முகமே கிடையாது! போகாத, லோரீன்!"

அந்தச் சத்தத்தில் சுற்றுவட்டார மாடுகளெல்லாம் ஒரு வாரம் மோர்தான் கறந்தன.

வருகிறவர்களை நாங்கள் தொடக்கூடாது என்பது சட்டம். ஹார்லன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். உதடு நடுங்கியது. கண்ணீர் பட்டுத் தழும்பு ஓரத்தில் உரிந்தது. லோரீன் கிட்டே வந்து கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்தாள்.

"ஆடாத. ஒட்டட்டும்." அப்புறம், "எத்தன நாளா இது?"

"தெனம்."

"ரம்பத்துக்கிட்ட மட்டும்தான் சொல்லுவியா?"

"ம்."

"இனிமே எங்கிட்டயும் சொல்லு."

தழும்பு எப்போதோ ஒட்டிவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.

அரிசோனாவுக்கு அக்காவைப் பார்க்க ஹார்லனையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் போய்வந்தாள், அவ்வளவுதான். இவ்வளவையும் சவப்பெட்டிக்குப் பின்னால் இருந்த பலகை இடுக்கு வழியாக என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

சத்தியத்துக்கு ஒரு சிறு திருத்தம்: அந்த அக்டோபர் முழுக்க நான் இடுப்பெலும்பு முறிந்து ஃபுளோரிடாவில் மகள் வீட்டில் படுத்திருந்தேன்.