கால் காயும் வேலை

உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம். அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பண்டிதர் கப்பலேறி வந்தார். நட்சத்திரம் எண்ண ஓர் ஆள், மூலிகைக்கு ஓர் ஆள், சிப்பிக்கு ஒருவன், மீனுக்கு ஒருவன் வேண்டும் என்று ஏரியைச் சுற்றித் தமுக்கு அடிக்கச் சொன்னார். அடித்த அடியில் பசியாவரத்துக் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை.

பசியாவரம் முனியன் நான்கு வேலைக்கும் போனான். முப்பது வருஷம் இடுப்பளவு உப்புத்தண்ணீரில் நின்று மீன் பிடித்துக் கால்விரல் இடுக்கெல்லாம் புண். நண்டுகளே பரிதாபப்பட்டு ஒதுங்கிப் போகும். அவனுக்கு ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். கால் காய்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்தால் போதும்.

நட்சத்திர வேலைக்கு, "தூரம் பார்க்கிற குழாய் வழியா பார்த்த பழக்கம் உண்டா?" என்று கேட்டார் துபாஷி சீனிவாசன். இல்லை. மூலிகை வேலை கோட்டை வைத்தியரின் மச்சானுக்குப் போன மாதமே போயாயிற்று. தமுக்கு சும்மா ஒப்புக்கு. சிப்பிக்கு, முன்னால் வேலை கொடுத்தவரின் கையெழுத்து வேண்டுமாம்.

"எனக்கு வேலை குடுத்தது ஏரி, சாமி. அது கையெழுத்து போடாது."

கோட்டை வாசலில் நின்று நின்று அவன் நிழல் அங்கேயே வேர் விட்டுவிட்டது.

கடைசியாக மீன். கண்ணைக் கட்டி நாற்பது மீனைக் கையில் கொடுத்தார்கள். தடவிப் பார்த்தே நாற்பத்தொரு பேர் சொன்னான்; ஒரு மீனின் வயிற்றுக்குள் இன்னொரு மீன் இருந்தது. பண்டிதர் எழுந்தே நின்றுவிட்டார். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து மீன்பேர் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் வேலை.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. அங்கே இறால் ஓடுகிற இடம் எவனுக்கும் சொந்தமில்லை. குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்து வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர்.

"நாற்காலியும் பாடுதான் மாமா," என்றான் கூட வலை போடும் பச்சைமுத்து. "போன வருஷம் நான் கண்டுபிடிச்ச இடத்தைப் பாடு முறையில சேத்துடுன்னு குதிச்சது யாரு? நீதானே?"

யாருக்கு எந்த நாள் என்று ஓலை குலுக்கினார்கள். முனியனுக்கு அறுபதாம் நாள் விழுந்தது, பச்சைமுத்துவுக்கு அதற்கு மறுநாள்.

"இன்னாய்யா, வேலை கெடைச்சுதா?" என்றாள் பெண்டாட்டி முத்தம்மாள்.

"கெடைச்சுது. ஊருக்கு."

தினம் ஒருவன் போய் உட்கார்ந்தான். நேற்று வந்தவன் சொன்னது தப்பு என்பதுதான் ஒவ்வொருவனும் சொன்ன முதல் வார்த்தை. ஒரே மடவை மீனுக்குப் பண்டிதர் ஐம்பத்தொன்பது பேர் எழுதினார். அதற்குள் தலைமுடி முழுக்கக் கொட்டிப்போக, மறுநாள் விடியக் கப்பலேறிவிட்டார்.

அறுபதாம் நாள் முனியன் போனான். நாற்காலி மட்டும் இருந்தது.

"அவர் போயாச்சுப்பா. நீயும் போ," என்றார் துபாஷி.

"இன்னிக்கி என் பாடு சாமி. பொழுது சாயற வரைக்கும் என்னுது."

கால்களை வெயிலில் நீட்டி உட்கார்ந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பகலெல்லாம் கால் மெல்லக் காய்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்தது. பொழுது சாயும்போது பின்னால் அடுத்த முறைக்காரனின் செருமல் கேட்டது. பச்சைமுத்து.

"எழுந்திரு மாமா, நேரமாச்சு."

முனியன் எழுந்தான். பசியாவரம் நடுஏரியில் இருக்கிறது. வீட்டுக்குப் போக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.