இரண்டாவது காம்பா

கோட்டின் இடது கையை மாட்டியாகிவிட்டது. வலது கைதான் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நாற்பது வருடம் வில் பிடித்த கை; உயிரோடு இருந்தபோதும் அது யார் பேச்சையும் கேட்டதில்லை. அமரர் ஊர்தியோடு வந்திருந்த ஆள் கத்தரியை எடுத்துக் கோட்டின் முதுகை மேலிருந்து கீழாக வெட்டினார்.

"முன்னாடியிருந்து பாத்தா தெரியாதுங்க. எல்லாருக்கும் இப்படித்தான்."

சின்னவர் அண்ணனின் காலரைச் சரிசெய்தார்.

சின்னவருக்கு அடுத்த மாதம் ஐம்பது. ஆனாலும் ஊருக்கு அவர் சின்னவர்தான். போஸ்டரில் அண்ணன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே பொடி எழுத்தில் தம்பி. இருவரும் வாசித்தது வயோலா ட காம்பா. தரையில் ஊன்றாமல் இரண்டு கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வாசிக்கிற, குடல் நரம்பு கட்டிய வாத்தியம். இரண்டு காம்பாக்களுக்கென்றே எழுதிய பழைய இசை எவ்வளவோ இருக்கிறது. அதில் ஒன்று பாடும், சுருதி கொடுப்பதும் அதுதான்; மற்றது அடியில் நின்று தாங்கும். பாடியது அண்ணன். இருபத்திரண்டு வருடமாகத் தாங்கியது தம்பி.

வருகிற பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு என்று மூன்று சனிக்கிழமைகளுக்குக் கச்சேரி அறிவித்திருந்தார்கள். தெருமுனை வரைக்கும் போஸ்டர் ஒட்டியாயிற்று. அடுத்த வருடத்துக்கு எட்டு ஊர்களில் பேசி வைத்திருந்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை சின்னவர் வாயைத் திறந்தார். "இருபத்தாறோட நான் நிறுத்திக்கறேண்ணே. அவ அங்க தனியா இருக்கா."

அவர் மனைவி ஒன்றரை வருடமாக வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். ரயிலில் எட்டு மணி நேரம். அங்கேயே பியானோ பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இவருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தாள். இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். புதனும் வியாழனும் ஒத்திகை நடந்தது, பேச்சு நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியபோது சின்னவருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ரெட்டைக் காம்பாவை ஒற்றை ஆள் வாசிக்க முடியாது, இனி யாரிடமும் கேட்காமல் போகலாம் என்பதுதான் முதலில் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. அழுகை அப்புறம் வந்தது. அதுவும் நிஜமான அழுகைதான்.

கூடத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "செல்லோ வாசிப்பாரே, அவர்தானே?" என்று மாடி வீட்டுக்காரர் யாரையோ கேட்டார். இருபத்திரண்டு வருடமாக ஆளாளுக்குத் திருத்திச் சொல்லி அலுத்தவர் சின்னவர். இன்றைக்கு விட்டுவிட்டார்.

அரங்கத்து மேனேஜர் அம்மாள் காலையிலேயே வந்திருந்தாள். "மூணையும் ரத்து பண்ணிடறேன். ஒத்தை ஆளா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மனைவி ரயிலிலிருந்து பேசினாள். "மூணு மணிக்குள்ள வந்துடுவேன். திரும்பும்போது சேந்தே போயிடலாம் இல்ல?"

"ம். போயிடலாம்," என்றார். மனதுக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது.

இரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முதுகில் காம்பாப் பெட்டி. முற்றத்தில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"சார் ரெண்டு மணிக்கு ஒத்திகைக்கு வரச் சொல்லியிருந்தார்..."

அதற்குள் அவள் கண் கூடத்தில் கிடத்தியிருந்த உடலுக்குப் போய்விட்டது. சின்னவர் அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். இரண்டொரு கச்சேரிகளில் அவள் வாசித்து இவர் கேட்டிருக்கிறார்.

"என்ன ஒத்திகைம்மா?"

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அண்ணன் கையெழுத்து. மேலே 'இரண்டாவது காம்பா' என்று எழுதிக் கோடு போட்டிருந்தது.

"புதன்கிழமை கடைக்கு வந்தார் சார். கண்ணு டெஸ்ட் பண்ண வந்திருக்கார்னு நெனச்சேன். இதைக் குடுத்து, 'என் தம்பி ஊருக்குப் போறான். அவனைப் பிடிச்சு வெச்சது போதும். இனிமே நீதான் ரெண்டாவது'ன்னார்." அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ரெண்டு மணிக்கு நீங்க இங்க இருக்க மாட்டீங்களாம். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னார்."

"ஏன்?"

"தான் சிரிச்ச முகமா சரின்னு சொல்லிட்டா நீங்க கிளம்ப மாட்டீங்களாம். கோவமா இருக்கற மாதிரியே இருந்துக்கறேன்னார்."

சின்னவர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து வழிந்தது. அண்ணன் மனம் நோகாமல்தான் போயிருக்கிறார். அதை நினைத்து நிம்மதிப்பட வேண்டிய மனிதருக்கு நிம்மதி வரவில்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கலாம்.

நிலைப்படியில் மேனேஜர் அம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எத்தனை உருப்படி பாடம் பண்ணியிருக்கேம்மா?"

"நோட்டுல இருக்கற ஏழும் பண்ணிட்டேன் மேடம். ராப்பகலா அதேதான்."

மேனேஜர் அம்மாள் சின்னவரைப் பார்த்தாள். "நான் இன்னைக்கு எதுவும் கேக்க மாட்டேன் சின்னவரே. ரத்து பண்றதைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்," என்றாள். கெட்ட மனுஷி இல்லை. கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னாள்.

பேச்சு காதில் விழுந்து அண்ணி வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. நோட்டைப் புரட்டிக் கணவன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"போறதா இருந்தீங்களா தம்பி?"

"ஆமா அண்ணி."

"அவரும் சரின்னுட்டாரு."

"இப்பதான் தெரிஞ்சுது."

"அப்ப போங்க. நீங்க எங்களுக்குச் செஞ்சது போதாதா? நான் குறுக்க நிக்க மாட்டேன்."

கோபத்தில் வந்த பேச்சில்லை. குறுக்கே நிற்காதவளைத் தாண்டி எப்படிப் போவது?

அண்ணி நோட்டை மூடினாள். "வண்டி நாலு மணிக்குக் கிளம்புது. அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வாசிங்க. ரெண்டு பேர் இருக்கீங்களே."

சின்னவர் மனைவி வந்தபோது கூடத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு புருஷன் பக்கம் வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவளுக்குப் புரியவில்லை. அப்போதுதான் அந்தப் பெண் பெட்டியைத் திறந்து காம்பாவை வெளியே எடுப்பதைப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"ரெண்டாவது வாசிக்கறவங்க."

மனைவி சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

உள்ளறையிலிருந்து இரண்டு நாற்காலிகள் வந்தன, கை வைக்காதவை. சின்னவர் தன் காம்பாவை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அந்தப் பெண் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தெரியாமல் உட்கார்ந்ததில்லை. இரண்டாவது காம்பாவின் இடம் அதுதான். சின்னவர் அதன் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தப்பு செய்துவிட்டோமோ என்ற பார்வை. அவர் நகர்ந்தார்.

இன்னொன்று அண்ணன் தன் உயரத்துக்கென்று கால்களைக் கொஞ்சம் அறுத்து வைத்துக்கொண்ட நாற்காலி. இத்தனை வருடத்தில் சின்னவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. தனக்குத் தோதுப்படாது என்று நினைத்திருந்தார். உட்கார்ந்து, கால்களை ஊன்றி, காம்பாவை இடுக்கிக்கொண்டார். தோதாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் நரம்பை முறுக்கும் ஆணியில் கைவைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சுருதி குடுங்க சார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.