அளந்தவளும் விற்றவளும்

தொலைக்காட்சியில் தங்கை பேசிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு பெரியவரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் அன்று வேலை நாள்தான்.

பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்தார். அக்கா அரசாங்கத்தின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் ஊழியர். எழுந்து நடமாட முடியாதவர்களை வீடு தேடிப் போய்த் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டி, மாத்திரை கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு நாற்பத்தைந்து நிமிடம். அதை இருபத்தைந்தாக வெட்டப்போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. கஜானா காலியாம். அதை எதிர்த்துத்தான் சட்டமன்றத்தில் தங்கை பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை, முதல் தடவை ஜெயித்தவள். ஆனால் பிறக்கும்போதே மைக் பிடித்துக்கொண்டு பிறந்தவள் மாதிரி நின்றாள்.

"தலைவர் அவர்களே! இதோ, இந்தக் கையால் நானே ஒரு பெரியவரைத் திருப்பிப் படுக்கவைத்தேன். பழைய கண்டக்டர் அவர். ஒவ்வொரு முறையும் 'ரைட், போலாம்' என்று அவர் குரல் கொடுத்தால்தான் திருப்பலாம். அவசரப்பட்டுக் கை வைத்தால், 'எறங்குற ஆளு இருக்கு, பொறு' என்று திட்டுவார். இருபத்தைந்து நிமிடத்தில் அவர் எப்போது ரைட் கொடுப்பது, நாங்கள் எப்போது வண்டி எடுப்பது?"

சபை சிரித்தது. ஆளுங்கட்சிக்காரர்களும் தங்களை மறந்து மேசையைத் தட்டினார்கள்.

அக்காவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"அட, என்னையத்தான் சொல்லுது அந்தப் பொண்ணு!" கண்டக்டரின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தது. "அடியே, இங்க வா! சட்டமன்றத்துல என்னைப் பத்திப் பேசுறாங்க!"

அவர் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "உங்க தங்கச்சிதானே அது? எப்பம்மா வந்தாங்க? ஒரு காப்பிகூடக் குடுக்காம அனுப்பிட்டேனே!"

"அவ வரல."

"வந்திருப்பாங்கம்மா. நான் அசந்து தூங்கியிருப்பேன்," என்றார் கண்டக்டர். பெருமை கிடைக்கிற இடத்தில் ஞாபகத்தை விட்டுக்கொடுக்க அவர் எப்போதும் தயார்.

அக்கா துணியைப் பிழிந்தாள். தேவைக்கு மேலேயே பிழிந்தாள். 'ஒவ்வொரு முறையும்' என்றாளே, அது இவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போன மாதம் அக்கா சொல்லித்தான் தெரியும். சொன்னபோது தங்கை சிரிக்கக்கூட இல்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு ஏதோ யோசனையாக உட்கார்ந்திருந்தாள். அப்போதே சரக்கை மூட்டை கட்டிவிட்டாள் போல.

இது இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை. இருவரும் துணிக்கடையில் வளர்ந்தவர்கள். பெரியவள் உள்ளே நின்று அளந்து வெட்டுவாள். சின்னவள் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். ஒரு மீட்டர் கேட்டு வந்தவர் மூன்று மீட்டர் வாங்கிக்கொண்டு, போகும்போது அவள் கன்னத்தையும் தட்டிவிட்டுப் போவார். பெரியவளை யாரும் தேடியதில்லை. வெட்டு கோணலாகிவிட்டால் மட்டும் தேடுவார்கள். பொறாமையா என்று கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டாள், நியாயம் கேட்கிறேன் என்பாள். இரண்டும் ஒரே துணிதான், சாயம் மட்டும் வேறு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டு முன்பக்கத் துணிக்கடையில் அக்கா தங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கையாலன்னு சொன்னியே, எந்தக் கைடி அது? காட்டு பார்க்கலாம்."

"அக்கா, 'எங்க அக்கா சொன்னா'ன்னு சொன்னா, காதுல விழுந்ததை வெச்சுப் பேசுறான்னு ஒதுக்கிடுவாங்க. 'நான் செஞ்சேன்'னாதான் எடுபடும்."

"எடுபட்டுச்சே. என் மூணு வருஷத்தை மூணு நிமிஷத்துல எடுத்துட்டே."

"ஏண்டி, ஒரே வீட்டுச் சரக்குதானே?" என்றாள் அம்மா. கடையின் கண்ணாடிக்குப் பக்கத்தில் சின்னவளின் படம் போட்ட செய்தித்தாளை ஒட்டிக்கொண்டே சொன்னாள்.

"சரக்கு ஒரே வீட்டுதும்மா. கல்லாதான் அவளோடது."

அடுத்த வாரம் அக்காவுக்குக் கடிதம் வந்தது. செலவுக் குறைப்பை ஆராயும் சட்டமன்றக் குழு, கண்டக்டர் வீட்டுப் பதிவேட்டோடு அவளை வரச்சொல்லியிருந்தது. ஆளுங்கட்சியில் யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். அந்தப் பதிவேட்டில் தங்கையின் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

தங்கை கட்சி வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "ஒரு தடவை வந்தேன்னு மட்டும் சொல்லிடு அக்கா."

"வந்தியா?"

"ஒரு நாள் அந்தக் கண்டக்டர் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்ல, உன்னைக் கூட்டிட்டுப் போக? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. மீதியை என்கிட்ட விட்டுடு."

மீதியை என்கிட்ட விட்டுடு. அந்த ஒரு வாக்கியம் அக்காவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. எப்போதுமே அளப்பது வரைக்கும் இவள், மீதி அவள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

குழுவின் அறை குளிர்ந்துகிடந்தது. நீள மேசையைச் சுற்றிப் பதின்மூன்று உறுப்பினர்கள், ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எதிர் வரிசையில் தங்கை. பிளாஸ்டிக் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தபோது மருந்துச் சோப்பு வாசனை மேசை முழுக்கப் பரவியது. ஆளுங்கட்சிப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்ட ஒருவர்தான் கேள்வி கேட்டார். பல தேர்தல் கண்ட முகம்.

"உறுப்பினர் பேரே இதுல காணோமேம்மா. அவங்க அந்த வீட்டுக்கு வந்தாங்களா?"

தங்கை அவளையே பார்த்தாள். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, காட்டிக்கொடுக்காதே என்று பார்ப்பாளே, அதே பார்வை.

"வரல சார். ஒரு நாள் வாசல் வரைக்கும் வந்தா. செருப்பைக்கூடக் கழட்டல."

"அப்ப திருப்பினது யாரு?"

"நான். மூணு வருஷமா நான்தான். அவளுக்குத் தலையணை உறை மாட்டக்கூடத் தெரியாது."

தலையணை உறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. தங்கையின் காது மடல் சிவந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இனித்தது.

"அப்ப அவங்க சொன்ன கதை பொய்."

"கதை எப்படி சார் பொய்யாகும்? ஆளு இருக்கார், இன்னிக்குக் காலையிலகூட ரைட் குடுத்தார். கைதான் மாறிப்போச்சு."

கண்ணாடிக்காரர் அந்தக் கதவு திறக்காது என்று கண்டுகொண்டார். குரலைத் தேனாக்கினார். "சரிம்மா. பேசுறவங்களை விடுங்க. வேலை தெரிஞ்சவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க, இருபத்தஞ்சு நிமிஷம் பத்தாதா?"

வேலை தெரிஞ்சவங்க! இத்தனை பேர் முன்னால், அதுவும் மைக்கில், அதுவும் தங்கை கேட்கும்படி. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்தாள்.

"துடைக்கப் பதினஞ்சு நிமிஷம். திருப்பி, புண்ணு பார்த்து மருந்து போட எட்டு. ஊட்டப் பன்னெண்டு, வேகமா ஊட்டினா புரை ஏறிடும். மாத்திரைக்கு மூணு. எழுதிக் கையெழுத்துப் போட ரெண்டு. இருபத்தஞ்சுன்னா இதுல எதை விடட்டும், நீங்களே சொல்லுங்க."

"முப்பது வெச்சுக்கலாமா?"

"முப்பதுன்னா துடைச்சு, ஊட்டி, மாத்திரை குடுத்துடுவேன். புண்ணை நீங்க வந்து பார்த்துக்குங்க."

மேசை முழுக்கச் சிரிப்பு. தங்கைக்குக் கிடைத்த அதே சிரிப்பு. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருடம் ஏங்கினோம், இது நமக்கும் வருகிறதே என்று அக்காவுக்குத் தலை லேசாகச் சுற்றியது.

"முப்பத்தஞ்சு. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

"உங்களுக்கு அது வெறும் அஞ்சு நிமிஷம் சார். அவருக்கு அது முதுகு."

தங்கை கையை உயர்த்தினாள். "தலைவர் அவர்களே, ஒரு நிமிடம்..."

"சாட்சி பேசட்டும்," என்றார் கண்ணாடிக்காரர். பிறகு அக்காவின் பக்கம் சாய்ந்தார். "கடைசியா சொல்லுங்கம்மா."

கடைசியா சொல்லுங்க! பிறந்ததிலிருந்து கடையில் காதில் விழுந்த வார்த்தை. ஒரு நாளும் அவளைப் பார்த்து யாரும் கேட்காத வார்த்தை. அதைக் கேட்டதும் துணிக்கடைக்காரர் மகளின் ரத்தம் தானாகவே பதில் சொல்லிவிட்டது.

"நாற்பது. அதுக்குக் கீழே ஒரு நிமிஷம் இறங்கமாட்டேன்."

"எழுதிக்குங்க," என்றார் கண்ணாடிக்காரர். "களத்துல வேலை செய்யற ஊழியரே நாற்பது நிமிஷம் போதும்னு சொல்லிட்டாங்க."

மேசைகள் தட்டப்பட்டன. அக்கா முகம் மலர்ந்து எதிர் வரிசையைப் பார்த்தாள். தங்கை பேனாவை மூடிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில்தான் தங்கை வாயைத் திறந்தாள்.

"ஏழு ஓட்டு வெச்சிருந்தேன் அக்கா."

"என்ன ஏழு?"

"பதிமூணு பேர்ல ஏழு பேர் என் பக்கம். வெட்டே கூடாதுன்னு கை தூக்கறதா ஒத்துக்கிட்டாங்க. அதுல ரெண்டு பேர் அந்த ஆளோட கட்சி. ஒரு மாசமா வீடு வீடா ஏறி இறங்கிச் சேர்த்தேன். நீயே நாற்பது போதும்னதும் ரெண்டு பேரும் கழண்டுக்கிட்டாங்க. வேலை செய்யறவளே சொல்லிட்டா, அப்புறம் அவங்க எதுக்கு கெட்ட பேர் வாங்கணும்?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"மீதியை என்கிட்ட விடுன்னு சொன்னேனே."

"அது திமிர்னு நெனச்சேன்."

"திமிரும்தான்," என்றாள் தங்கை. "இருந்தாலும் ஓட்டும் இருந்துச்சு."

முழு விலைக்கு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லாதவனிடம் வலியப் போய் விலையைக் குறைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒருத்தி அங்கே பேரம் பேசியதற்கு எல்லா ஊரிலும், எல்லாப் படுக்கையிலும் ஐந்து நிமிடம் போய்விட்டது.

ஆனால் மனசு இருக்கிறதே, அது வெட்கமில்லாதது. மறுநாள் செய்தித்தாளில் அவள் படம் வந்தது. 'பேரம் பேசி ஜெயித்த ஊழியர்' என்று போட்டிருந்தார்கள். அம்மா அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில், சின்னவளின் படத்தைப் பாதி மறைத்தே ஒட்டினாள். அன்று கடைக்கு வந்த தங்கை அதைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் உதடு இறுகியது. அந்த இறுக்கத்தை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காகத் தன் முகத்தில் வைத்திருந்தது அது. இனிப்பாக இருந்தது. இனிக்கிறதே என்று அருவருப்பாகவும் இருந்தது.

முதல் தேதியிலிருந்து நாற்பது நிமிடம் அமலுக்கு வந்தது. கண்டக்டரைத் துடைத்தாள், திருப்பினாள், ஊட்டினாள், மாத்திரை கொடுத்தாள், கையெழுத்துப் போட்டாள். மேலதிகாரிகள் புதிதாகக் கொடுத்திருந்த கைபேசி மணி அடித்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

"ஜன்னல்?" என்றார் கண்டக்டர்.

அவள் கைபேசியைப் பார்த்தாள். தினமும் கடைசி ஐந்து நிமிடம் அவரை அணைத்துத் தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைப்பாள். எதிரே பஸ் நிறுத்தம். எந்த வண்டி லேட், எந்த டிரைவர் ஒழுங்காக ஓரம் கட்டுவதில்லை என்று அவர் வாய் ஓயாமல் குறை சொல்வார். அதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. விரல் வைத்துக் கணக்குச் சொன்னபோது அவள் கட்டங்களை மட்டும்தான் பார்த்தாள்.

"நேரமாயிடுச்சு ஐயா. அடுத்த வீட்டுக்குப் போகணும். கைபேசி நான் இருக்கிற இடத்தைக் காட்டிக்குடுத்துடும்."

"நம்ம அம்மா பெரிய ஆளாயிட்டாங்கடி," என்றார் அவர் மனைவியிடம். கிண்டலா, பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தானாகப் புரண்டு படுக்க அவரால் முடியாது.

மதியம் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே தங்கைக்குப் போன் செய்தாள்.

"அந்த அஞ்சு நிமிஷத்தைத் திரும்ப வாங்க முடியுமா?"

"அடுத்த கூட்டத்துல ஒரு திருத்தம் கொண்டுவரலாம். ஆனா கட்டத்துல இருக்கிறதை எல்லாம் நீ சொல்லித் தீர்த்துட்டே. புதுசா என்ன இருக்கு என்கிட்ட?"

"கட்டத்துல இல்லாதது இருக்கு," என்றாள் அக்கா. ஜன்னலைச் சொன்னாள்.

மறுமுனையில் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. "நல்லா இருக்கு அக்கா," என்றது குரல், நல்ல துணியைத் தடவிப் பார்க்கிற தொனியில். அக்காவுக்கு வயிறு எரிந்தது. இந்த ஜன்னலும் அந்த வாய் வழியாகத்தான் வரப்போகிறது. வந்தால் மேசைகள் உடைகிற மாதிரி தட்டுவார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் தன் படத்தின்மேல் இன்னொரு படம் ஏறும். தான் போய்ச் சொன்னால் மறுபடியும் எவனாவது கடைசியா சொல்லுங்க என்பான், மறுபடியும் இறங்கிவிடுவோம். அதுவும் தெரிந்தது.

"ஒண்ணு மட்டும். 'நான்'னு சொல்லக்கூடாது. 'எங்க அக்கா'ன்னு சொல்லணும்."

"ஒரு தடவை சொல்றேன்."

"மூணு தடவை."

"அக்கா, அது சட்டமன்றம். கல்யாணப் பத்திரிகை இல்ல. ரெண்டு."

"சரி, ரெண்டு," என்றாள் அக்கா. "எழுதிக்கோ. சக்கரம் வெச்ச நாற்காலி இல்ல, சாதாரண மர நாற்காலி. இடது கை தொங்கிடும், அதனால மடியில ஒரு தலையணை வெச்சு அதுமேல எடுத்து வைக்கணும். முதல்ல கால், அப்புறம் இடுப்பு. வேகமா எழுதாதே, நான் மெதுவாதான் சொல்வேன்."