சாப்பாடும் தங்க இடமும்

வெங்காயப் பாத்தியில் கோரை பிடுங்குகிறவர்களுக்கு முதலில் முழங்கால் போகும், விரல்கள் அப்புறம்தான். சைக்கிளக்கா மடித்த சாக்கின் மேல் மண்டியிட்டு, பாத்தியின் ஓரமாகவே நகர்ந்து வந்தாள். வெங்காயத் தாளும் கோரையும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. வந்த முதல் நாள் கோரை என்று நினைத்து ஒரு முழ நீளத்துக்கு வெங்காயத்தைப் பிடுங்கிவிட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அவசர அவசரமாகத் திரும்ப ஊன்றி வைத்தாள். இன்று நான்காம் நாள். கை ஓரளவு பழகிவிட்டது. நகக்கண்ணில் ஏறிய மண்தான் எவ்வளவு கழுவினாலும் போவதாக இல்லை.

அந்தப் பண்ணையில் அவளை எல்லோரும் சைக்கிளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை வயலில் வேலை. அதற்கு மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க ஓர் அறையும். கூலி கிடையாது. உர மூட்டை போட்டு வைத்திருந்த அறையை வெள்ளையடித்துக் கட்டில் போட்டிருந்தார்கள். மூட்டையின் நெடி இன்னும் போகவில்லை. அவளுக்கு முன்னால் வந்து தங்கியவர்கள் சுவரில் வண்ண வண்ணமாக எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ‘இங்கேதான் என்னை நான் கண்டுபிடித்தேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கே தொலைத்தார் என்பதைக் குறிப்பிடவில்லை.

அவள் வீட்டை விட்டுக் கிளம்பி நாற்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இது நான்காவது பண்ணை. கிளம்ப வேண்டும் என்று திட்டம் போட்டுக் கிளம்பியவள் இல்லை. மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். வேலை போன பத்தாம் நாள், பழக்க தோஷத்தில் விடிகாலை எழுந்து, தலை வாரி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கே போய் நின்றுவிட்டாள். “என்னக்கா, மறந்துட்டீங்களா?” என்று வாட்ச்மேன் கேட்டான். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பவும் பிடிக்கவில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட அவளே விழவைத்ததாகத்தான் இருக்கும். நேரே மிதித்தாள். அன்று ஊர் எல்லை வரை போய்த் திரும்பினாள். ஒரு வாரம் கழித்து, பின்சீட்டில் பையைக் கட்டிக்கொண்டு போனவள் திரும்பவில்லை.

பண்ணைக்குப் பண்ணை நான்கு நாள், ஐந்து நாள் பயணம். எதிர்காற்று அடித்தால் இறங்கித் தள்ள வேண்டும். சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து தொடை இடுக்கில் தோல் உரிந்து, புண்ணாகி, காய்த்தும் போயிற்று. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை கடையில் தண்ணீர் பாட்டில் கேட்க வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. கனைத்துவிட்டுக் கேட்டாள். இரண்டு நாளாக யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால்தான் இந்தப் பண்ணை அவளுக்கு ஒட்டிக்கொண்டது. பண்ணைக்காரர், அவர் மனைவி, பம்புக்காரர், இவள், நால்வரும் சமையலறையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பண்ணைக்காரம்மா கரண்டியோடு குனிந்து, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா? நல்லா சாப்பிடுங்க, களை எடுக்கிற உடம்பு” என்பாள். அந்தக் கேள்விக்காகவே சைக்கிளக்கா தட்டில் முதலில் குறைவாக வாங்கிக்கொண்டாள். “எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா எனக்கும் பேச்சுத்துணை” என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள்.

தினமும் காலையில் பண்ணை வாசலுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். எண்ணெய் போட்டும் படியாத சுருட்டை முடி. கையில் கூடை. ஆறு மணிக்கு முன்பே வந்து ஏழு வரை நிற்பாள், பிறகு போய்விடுவாள். பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்றுதான் சைக்கிளக்கா நினைத்திருந்தாள். அன்று வாய்க்காலில் கை கழுவும்போது பம்புக்காரரிடம் கேட்டாள்.

“அந்த அம்மாவுக்கு தினமும் பஸ் லேட்டா வருதோ?”

“பஸ்ஸா? இந்த ரோட்டுல பஸ் நின்னு மூணு வருஷமாச்சு.” பம்புக்காரர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அது சுருட்டை. பதினோரு வருஷம் இங்க களை எடுத்தது. இப்ப கூப்பிடறதில்ல. என்னிக்காவது கூப்பிடுவாங்கன்னு வந்து நிக்குது.”

“ஏன் கூப்பிடறதில்ல?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் இருக்கீங்களே, சைக்கிளக்கா. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு. அதுக்கு முன்னாடி தாடி வச்ச ஒருத்தர். சும்மா செய்யறவங்க இருக்கும்போது கூலிக்கு யாரு ஆள் வைப்பா?” எழுந்து பம்பு ரூம் பக்கம் போனவர் திரும்பி, “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. மோட்டார் ஓட்டவும் யாராவது சும்மா வந்துடப் போறாங்க” என்றார்.

கம்பெனியில் அவளுக்கு நடந்ததும் இதுதான். பயிற்சிக்கு என்று ஆறு பெண்கள் வந்தார்கள். சம்பளம் இல்லை, முடிவில் சான்றிதழ் மட்டும். அட்டைப்பெட்டியை மடக்குவது, மாத்திரைப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்ப்பது எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நல்ல பெண்கள். அவளுக்கு ஒரு நாள் கேக் வாங்கி வந்தார்கள். மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். நான்காம் மாதம் பழையவர்கள் ஆறு பேருக்கும் வேலை இல்லை என்று கடிதம் வந்தது.

மறுநாள் காலை சைக்கிளக்கா வாசல் பக்கம் போகவில்லை. கொட்டகைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, வேலியிலிருந்து தள்ளியிருந்த பாத்தியில் போய் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அன்று சுருட்டை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. செங்கல் சூளைக்கு நடந்து போய்க் கேட்டதாகவும், இந்த வயதில் கல் தூக்க முடியாது என்று அனுப்பிவிட்டதாகவும் மத்தியானம் பம்புக்காரர் சொன்னபோது, தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். வாரம் ஒருமுறை செய்வான்.

“எங்க இருக்கே?”

“தெரிஞ்சவங்க தோட்டத்துல.” தெரிந்து ஆறு நாள்.

“நாப்பத்தாறு வயசுல ஊர் ஊரா சைக்கிள் மிதிக்கிறியே, யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

“யாரு கேட்டாங்க?”

“யாரும் கேக்கல” என்றான். “சரி, உடம்பைப் பாத்துக்கோ.”

ஏழாம் நாள் ஒளிய வழியில்லை. பாக்கியிருந்த பாத்திகள் எல்லாம் வேலியோரம்தான். தலை நிமிராமல் வேலை செய்தாள்.

“இந்தா, சைக்கிளு!”

சுருட்டை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தலையைக் கிள்ளிட்டு கிழங்கை உள்ளயே விட்டுட்டுப் போறியே. அஞ்சே நாள்ல திரும்ப முளைச்சு உன்னைப் பாத்து சிரிக்கும். நீ பிடுங்கின பாத்தியை எல்லாம் பாரு, தலை காட்டிடுச்சு.”

சைக்கிளக்கா திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். முதல் நாள் முடித்த பாத்தியில் ஊசி ஊசியாகப் பச்சை எழும்பியிருந்தது.

“கொத்தைச் சாய்ச்சுப் போடணும். இப்படி.” சுருட்டை வேலிக்கு அந்தப் பக்கமே குத்துக்காலிட்டு, கூடையிலிருந்து களைக்கொத்தை எடுத்து, சாலையோரப் புல்லில் போட்டுக் காட்டினாள். ஒரே இழுப்பில் கருப்பாக ஒரு கிழங்கு வேரோடு வெளியே வந்தது. அதை மண் தட்டி, வேலிக் கம்பியில் வைத்தாள். “பதினோரு வருஷம் இந்த மண்ணுல உக்காந்தவ நான். கண்ணால பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல. சரி, உனக்கு என்ன குடுக்கறாங்க?”

“சாப்பாடும் தங்க இடமும்.”

“காசு?”

“இல்ல.”

“உனக்கு வீடு இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப எதுக்குச் செய்யறே?”

ஐம்பத்திரண்டு நாளாக வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்ட கேள்விதான். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறாள். இப்போது வாயில் உண்மை வந்தது. “வீட்டுல தனியா இருக்க முடியல.”

சுருட்டை அவளையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று சைக்கிளக்கா எதிர்பார்த்தாள்.

“எங்க வீட்டுல அஞ்சு பேரு” என்றாள் சுருட்டை. “அவருக்கு இடுப்பு விழுந்து படுத்துட்டாரு. மருமக மாசமா இருக்கா. தனியா இருக்க எனக்கு ஒரு மூலைகூட கிடையாது.” கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பண்ணைக்காரர் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊதி எடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிளக்கா போய் நின்றாள்.

“சுருட்டையைக் களைக்குக் கூப்பிடக் கூடாதா?”

அவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார். “கூடாதுன்னு என்ன இருக்கு? போன வருஷம் விலை இல்லாம ஒரு வண்டி வெங்காயத்தை ரோட்டோரம் கொட்டிட்டு வந்தேன். கூலி குடுக்க வழியில்ல. அப்பதான் வீட்டுல போன்ல பாத்துட்டுச் சொன்னா, இப்படி ஆளுங்க வர்றாங்க, சோறும் இடமும் குடுத்தா போதுமாம்னு. நான் நம்பவே இல்ல. வந்தாங்க. பாட்டுப் பாடிக்கிட்டே களை எடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வருமா? நீங்களே சொல்லுங்க.”

“நான் கிளம்பிட்டா கூப்பிடுவீங்களா?”

“கூப்பிட்டுத்தானே ஆகணும். அறுவடைக்கு மூணு வாரம்தான் இருக்கு.” குழாயை மறுபடி வாயில் வைக்கப் போனவர், “உங்களப் போகச் சொல்லல” என்றார்.

“நாளைக்குக் கிளம்பறேன்.”

பண்ணைக்காரம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “ஏன், எங்க சாப்பாடு பிடிக்கலையா? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?” என்று இரண்டு தடவை கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றாள் சைக்கிளக்கா. சுருட்டையைப் பற்றிச் சொன்னால் அந்த அம்மாள் மேல் குற்றம் சொல்வது போலாகும் என்று விட்டுவிட்டாள். காலையில் வேலைக்கு வரும்படி பம்புக்காரர் சுருட்டை வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் சைக்கிளக்காவின் தட்டில் கேட்காமலே நிறைய விழுந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

விடியும்போது டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பையைக் கட்டினாள். சுருட்டை அவளுக்கு முன்பே வந்து பாத்தியில் இறங்கியிருந்தாள். சைக்கிளக்கா முதல் நாள் முடித்த பாத்தியிலிருந்தே சுருட்டை ஆரம்பித்திருந்தாள். கொத்து சீரான சத்தத்தோடு விழுந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். சைக்கிளக்காவும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாய்க்கால் பாலம். அது கொஞ்சம் மேடு. இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினாள். பாலத்தின் மேல் ஒரு வேன் வந்து நின்றது. முதுகுப் பையோடு ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். வேன் திரும்பிப் போயிற்று.

“அக்கா, சைக்கிள்லயா? தனியாவா? இவ்வளவு மூட்டையோடவா!” அந்தப் பெண் உண்மையாகவே வியந்தாள். “நாங்களும் ஒரு நாள் இப்படிக் கிளம்பணும்னு பேசிக்கிட்டே இருக்கோம். இப்போதைக்கு ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு வந்திருக்கோம். வெங்காயப் பண்ணை ஒண்ணு, இங்கதான் எங்கேயோ.”

சைக்கிளக்கா சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்தாள். “அங்க வேலைக்கு ஆள் வந்தாச்சே.”

“இல்லக்கா, நேத்து சாயங்காலம்தான் அந்தம்மா போன்ல சொன்னாங்க, திடீர்னு ஒரு இடம் காலியாகுதுன்னு. எங்களுக்கு என்ன அதிர்ஷ்டம் பாருங்க!”

“அது... அங்க ஏற்கெனவே ஒருத்தங்க...” இளைஞன் அதற்குள் கையை நீட்டி, “அதோ, போர்டு தெரியுது” என்றான். “பத்திரமா போங்கக்கா!” என்று இருவரும் சரிவில் இறங்கினார்கள்.

அவள் பாலத்திலேயே நின்றாள். மேட்டிலிருந்து வாசல், வயல், பம்பு ரூம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. பண்ணைக்காரம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே பண்ணைக்காரர் வந்தார். மனைவியைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார், சற்று நின்றார். பிறகு இளைஞனின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வயல் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

கொத்து நின்றது. சுருட்டை எழுந்தாள். முட்டியிலிருந்த மண்ணைத் தட்டினாள். கூடையை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்து வாசலுக்கு வந்தாள்.

வந்த பெண் சிரித்தபடி சுருட்டையின் கையில் தன் போனைக் கொடுத்து, படம் எடுக்க எங்கே அமுக்குவது என்று காட்டினாள். அவளும் இளைஞனும் போர்டுக்குக் கீழே தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். சுருட்டை கூடையைக் கீழே வைத்துவிட்டு, அதை இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இன்னும் பின்னால் போகும்படி இளைஞன் கையசைத்தான். அவள் ஓரடி பின்னால் வைத்தாள். அவன் மறுபடியும் அசைத்தான். அவள் பார்வையை எடுக்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, சாலையையும் தாண்டி, அந்தப் பக்கத்துப் புல்லில் போய் நின்றாள்.