மச்சம் எந்தப் பக்கம்

என் முகத்தை நானே செய்வதில் இவ்வளவு தலைவலி இருக்கும் என்று முன்னமே தெரிந்திருந்தால், பேசாமல் ஒரு டைனோசரைச் செய்துவிட்டுப் போயிருப்பேன். டைனோசர் எழுந்து வந்து, "என் மூக்கு இப்படியா இருந்துச்சு?" என்று கேட்கப்போவதில்லை.

கம்ப்யூட்டரில் ஆட்களைச் செய்வது என் பொழுதுபோக்கு. யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளி விட்டு வந்ததும் வீடியோக்களைப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டு, நானாகப் பிடித்துக்கொண்டதுதான். முதலில் திரையில் வெறும் உருண்டை இருக்கும். அதை இழுத்து, அமுக்கி, கிள்ளி, மூக்கும் தாடையும் கொண்டுவர வேண்டும். களிமண் வேலைதான், கை மட்டும் அழுக்காகாது. முதல் மாதம் நான் செய்ததெல்லாம் உருளைக்கிழங்குகள். காது வைத்த உருளைக்கிழங்கு, பல் வைத்த உருளைக்கிழங்கு. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா வேலையிலிருந்து வந்ததும் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்னடா?" என்பார். "மனுஷன்" என்பேன். "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார்.

நான் இதில் இறங்கியது பெரியவன் வீட்டைவிட்டுப் போன வாரம். பெரியவன் என்றால் வயதில் ரொம்பப் பெரியவன் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் இரட்டையர். ஏழு நிமிடம் முந்திக்கொண்டதால் அவன் பெரியவன், நான் சின்னவன். அச்சு அசலாக ஒரே முகம். எனக்கு இடது கன்னத்தில் மச்சம், அவனுக்கு வலது கன்னத்தில். வாத்தியார்கள்கூட மச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பார்கள்.

அவன் நீச்சலில் கெட்டிக்காரன். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மூன்று நாள் தேர்வு வைத்தார்கள். இரண்டாம் நாள் அவன் உடை மாற்றிக்கொண்டு வரக் கொஞ்சம் தாமதம். கூடப் போயிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவன் நீச்சல் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவன் பெயரைக் கூப்பிட்டதும் நானே குதித்துவிட்டேன். விளையாட்டுக்குத்தான். எனக்கு நீச்சல் மூழ்காமல் இருக்கிற அளவுக்கு மட்டுமே தெரியும். நான் தத்தளித்து அக்கரை போய்த் திரும்பிய நேரத்தைப் பயிற்சியாளர் அவன் பெயருக்கு நேரே எழுதிவிட்டார். பெரியவன் வந்து கெஞ்சிக் கூத்தாடி, இன்னொரு வாய்ப்பு வாங்கி, பட்டியலில் கடைசி ஆளாக ஒட்டிக்கொண்டான். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னான்: "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"போடா. எனக்கு மட்டும் உன் மூஞ்சி வேணுமா?" என்றேன் நானும். நாலு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. வருகிற சனிக்கிழமை அவர்களுக்குப் பத்து நாள் விடுமுறை தொடங்குகிறது. பயிற்சி இருக்கிறது, வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். "பயிற்சியாம். எல்லாம் வீம்பு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் அரைபடறேன்" என்று அம்மா இரண்டு நாளாகப் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திரச் சத்தம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

அவனோடு போட்ட சண்டையால்தான் ஐந்து வாரத்துக்கு முன் என் முகத்தைச் செய்ய உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து பாதி முகத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தாயிற்று. எனக்கே எனக்கென்று ஒன்று இருக்கட்டும்.

அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஃப்ரேம் மாட்டிப் பார்ப்பதற்காக மேசைமேல் வைக்கும் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று, ஓரம் உடைந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்திருந்தது. அதைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மென்பொருளில் 'மிரர்' என்று ஒரு வசதி உண்டு. பாதி முகத்தைச் செய்தால் போதும், மறுபாதியை அதுவே செய்துகொள்ளும். சோம்பேறிகளுக்காகவே கண்டுபிடித்தது. கடைசியில் மச்சத்தை வைத்தேன். இரண்டு கன்னத்திலும் வந்தது! ஒரே முகத்தில் நானும் அவனும். சீ என்று மிரரை அணைத்தேன். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். மச்சம் இடது பக்கம் தெரிந்தது. திரையிலும் இடது பக்கத்து மச்சத்தை விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். நான் வந்துவிட்டேன். உரித்து வைத்த நான். இந்தத் தடவை உருளைக்கிழங்கு இல்லை.

ஞாயிறு மத்தியானம், துணி மடித்துக்கொண்டே அறைக்குள் வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியவன்!" என்றாள். கண் கலங்கிவிட்டது. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லாம, உள்ளுக்குள்ள இவ்ளோ வச்சிருக்கியாடா?"

"அம்மா, இது நான்."

"போடா. பெத்தவளுக்குத் தெரியாதா? என்னங்க, இங்க வந்து பாருங்க."

அப்பா வந்தார். இந்தத் தடவை பாவம் என்று சொல்லவில்லை. "அட, பெரியவனேதான்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மச்சம் இங்கேயும் இடது பக்கம், அங்கேயும் இடது பக்கம். இவர்கள் இருவரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார்களா? திருதிருவென்று விழித்தேன்.

அம்மா என் தோளைப் பிடித்துத் திரைக்கு முதுகு காட்டி நிறுத்தினாள். "இப்ப நீயும் அதுவும் ஒரே பக்கம் பாக்கறீங்க. உன் மச்சம் எந்தக் கன்னத்துல?"

இடது கன்னத்தைத் தொட்டேன்.

"அதோடது?"

திரும்பிப் பார்த்தேன். வலது கன்னம். பக்கத்தில் இருந்த கண்ணாடியை அப்படியே காப்பியடித்திருக்கிறேன், கண்ணாடி இடதை வலதாக்கும் என்பதை மறந்துவிட்டு. ஐந்து வாரம் உட்கார்ந்து நான் செய்தது அவனை.

"சரி, மாத்திடறேன். யாருக்கும் காட்டாத" என்றேன். அம்மா போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். படம் எடுத்து, 'உன் தம்பி உன்னைச் செய்திருக்கிறான்' என்று எழுதி, ஏற்கெனவே அனுப்பியாயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மானம் போயிற்று. அவன் விடுதி முழுக்கக் காட்டிச் சிரிப்பான். நான் ஏங்கிப்போய்க் கிடக்கிறேன் என்று நினைப்பான்.

இடம் வலமாகத் திருப்புவது ஒரு நொடி வேலைதான் என்று பொத்தானைத் தட்டினேன். முகம் திரும்பியது, கூடவே உள்பக்கம் வெளிப்பக்கமாகவும் ஆகிவிட்டது. கண் வழியாகப் பின்மண்டையின் உட்புறம் தெரிந்தது. அதைச் சரிசெய்ய அரை மணி நேரம். சரியானதும் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். மச்சம் இடது கன்னத்தில். எல்லாம் சரி. ஆனால் அது நான் இல்லை. யாரோ. என்னைப் போலவே இருக்கிற, எனக்குப் பழக்கமில்லாத ஒரு பையன். தப்பாகச் செய்தது என்னைப் போல இருக்கிறது, சரியாகச் செய்தது இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அம்மா அதை என் கையில் திணித்தாள்.

"யார்டா அது?" நாலு மாதம் கழித்து அவன் முதல் வார்த்தை.

"எது?"

"அம்மா அனுப்பின படம். நான்னு சொல்றாங்க. அது நானும் இல்ல, நீயும் இல்ல. பாத்தாலே என்னமோ மாதிரி இருக்கு."

சிரிக்கிறானா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். சிரிக்கவில்லை. என்னைப் போலவே குழம்பிப்போயிருந்தான்.

"இரு, இன்னொண்ணு அனுப்பறேன்." திருப்பிய முகத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

"ஆங், இதான் நான்" என்றான் உடனே.

"இல்ல. இதான் நான். மச்சத்தப் பாரு, இடது கன்னம்."

"டேய், தெனமும் கண்ணாடில பாக்கற மூஞ்சிடா. எனக்குத் தெரியாதா?"

சண்டை போட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். கண்ணாடியில் பார்க்கிற மூஞ்சி. பக்கத்தில் உடைந்த ஓரத்தோடு நின்ற கண்ணாடியிலிருந்து பெரியவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியவனே," என்றேன். "உன் கண்ணாடில உன் மச்சம் பக்கம் மாறித்தான தெரியும்? அப்ப அது என் மூஞ்சி. உனக்குத் தெரியறது நான். எனக்கு இங்க தெரியறது நீ."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ விசில் ஊதினார்கள். தண்ணீரில் யாரோ குதித்தார்கள்.

குளத்துச் சத்தம் கேட்டதும் எனக்கு அந்த இரண்டாம் நாள் ஞாபகம் வந்தது. "அன்னிக்கு உன் தொப்பியப் போட்டுட்டுக் குதிச்சது தப்புடா," என்றேன். "உனக்கு எடம் கெடைக்காமப் போயிருந்தா நான் செத்தே போயிருப்பேன். மன்னிச்சிடு."

"இத சொல்ல நாலு மாசம்."

"ம்."

"இங்க யாருமே என்ன உன் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல தெரியுமா? மொத வாரம் ஜாலியா இருந்துச்சு. அப்பறம் நல்லாவே இல்ல." மூக்கை உறிஞ்சினான். "சனிக்கிழம பஸ் ஸ்டாண்டுக்கு நீ வா. அம்மாவ அலைய வைக்காத."

"என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்ன?"

"நாலு மாசமா தெனம் காலைல பல் தேய்க்கும்போது உன் மூஞ்சிலதான முழிச்சிட்டிருக்கேன்," என்றான். "நேர்லயே வந்து முழிச்சிட்டுப் போறேன்."