காற்றுத் திருகு

மாரலின் அம்மா முந்தின இரவே இறந்துபோயிருந்தாள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மாரலைத் தவிர.

சாவுச் செய்தியை முகத்தில் அடித்தாற்போல் சொல்கிற வழக்கம் பால்காஷ் ஏரிக்கரையில் கிடையாது. பெற்றவளை இழந்தவளை முதலில் அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே இருக்கிற பெரிய மனுஷி ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். அதுவரைக்கும் "கொஞ்சம் உடம்பு சரியில்லை"தான். மாமனார் செய்தாலியும் விடியற்காலையில் அதைத்தான் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை, அடுப்பிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"சம்பந்தியம்மாவுக்கு உடம்பு சுகமில்லையாம். பொண்ண ஒரு எட்டு கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துரலாம்."

மாமியார் தன் கையாலேயே தேநீர் ஊற்றி மாரலிடம் நீட்டினாள். மருமகளாக வந்த பதினான்கு மாதத்தில் அப்படி நடந்ததே இல்லை. ஏன் என்று மாரல் கேட்கவில்லை. மாமனார் இருக்கிற இடத்தில் மருமகள் வாய் திறப்பதில்லை. வந்த புதிதில் ஒருநாள் அவர் பக்கத்தில் இருக்கும்போது வலையைப் பற்றிக் கணவனிடம் ஏதோ சொல்லிவிட்டாள். "பெரியவங்க முன்னால பல்லு தெரியப் பேசறதும் முக்காடில்லாம நிக்கறதும் ஒண்ணுதான்" என்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதோடு சரி.

அக்கரையில் பகல் தொழுகை முடிந்ததும் மாரலின் அம்மா கதீஷாவை எடுத்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்தால் மகள் முகம் பார்க்கலாம். தூக்கும்போது ஒப்பாரி சொல்லி அனுப்ப அவளுக்கு இருப்பது அந்த ஒரே மகள்தான். சாலை வழியாகச் சுற்றினால் நூற்றைம்பது கிலோமீட்டர். வீட்டிலிருந்த ஒரே காரை மாரலின் கணவன் செம்புச் சுரங்க வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தான். தண்ணீரில் குறுக்கே போனால் பதினெட்டுதான், ஒரு மணி நேரம். எட்டு மணிக்கு இறங்கினால் தாராளம்.

எட்டு மணிக்கே இறங்கினார்கள். நாணல் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி ஏடுபோலப் படிந்திருந்தது. மற்ற படகுகள் எல்லாம் இருட்டோடு மீனுக்குப் போய்விட்டன. கொழுந்தன் யெர்கின் பெட்ரோல் தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். துறையில் விட்டுவைத்தால் காலையில் காலித் தொட்டிதான் இருக்கும். அதனால் இரவில் எல்லோரும் தொட்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். இது புதுத் தொட்டி, சிவப்பு பிளாஸ்டிக். பழைய இரும்புத் தொட்டி துருப்பிடித்து ஒழுகியதால் போன வாரம் நகரத்தில் வாங்கியது. இன்றைக்குத்தான் முதல் ஓட்டம்.

மோட்டார் ஒரு நிமிஷம் ஓடியது. இருமியது. நின்றது.

செய்தாலி மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். திரும்பவும் இழுத்தார். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்திருந்த நொண்டி ஒராஸ் சிரித்தார்.

"என்னப்பா செய்தாலி, கல்யாணத்துக்குப் பொண்ணக் கூப்பிடற மாதிரி கூப்பிடறே? வரமாட்டேங்குறாளே!"

செய்தாலி கரையேறிப் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். ஒராஸின் சிரிப்பு அப்படியே விழுந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மாரல் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிளக்குதான்பா" என்றான் யெர்கின்.

பிளக்கைக் கழற்றினார்கள். உலர்ந்து கிடந்தது. செய்தாலி அதைச் சட்டையில் துடைத்து, கத்தியால் சுரண்டி, ஊதி, திரும்ப மாட்டினார். உலர்ந்த பிளக்கைத் துடைத்து என்ன பயன்? பெட்ரோலே வரவில்லை என்றுதானே அர்த்தம்? படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த மாரலின் கண் தானாகக் குழாய் வழியே பின்னோக்கிப் போனது. குழாயின் நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் உருண்டை, வெயிலில் காய்ந்த பழம்போல ஒட்டிக் கிடந்தது. தொட்டியின் இரண்டு விலாவும் உள்வாங்கியிருந்தன. மூடியின் மேல் சின்னக் கறுப்புத் திருகு ஒன்று இறுக மூடியிருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்போது மணி எட்டே கால்.

அந்தத் திருகைத் தளர்த்தினால்தான் தொட்டிக்குள் காற்று போகும். காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். செய்தாலியின் பழைய தொட்டிக்கு இந்த வம்பே இல்லை. மூடியில் அவரே ஆணியடித்து ஓட்டை போட்டிருந்தார். இந்தத் துறையில் எல்லாத் தொட்டிக்கும் ஆணி ஓட்டைதான். திருகு என்று ஒன்று இருப்பது இரண்டு ஆண்களின் கண்ணிலும் படவே இல்லை. மாரலின் அம்மா, புருஷன் ஓடிப்போன பிறகு தானே படகு ஓட்டிப் பிழைத்தவள். மோட்டாரைப் புருஷனைத் திட்டுகிற வாயால் திட்டிக்கொண்டே பிரித்துப் போடுவாள். அதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

மாமனார் நாணல் ஓரம் ஒதுங்கியபோது கொழுந்தனிடம் மெல்லச் சொன்னாள்: "சின்னவரே, அந்தத் தொட்டி மூடியக் கொஞ்சம் பாருங்களேன்."

"அண்ணி, இது என்ன டீ போடற சமோவாரா, மூடியத் தொறந்து கொதிச்சிருச்சான்னு பார்க்க?" அவன் சிரித்தான். "நீங்க போர்வையப் போத்திக்கிட்டு உக்காருங்க. கார்பரேட்டர்லதான் அடைப்பு. நான் பார்த்துக்கறேன்."

மாமனார் திரும்பி வந்துவிட்டார். மாரல் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், வருஷத்துக்கு இரண்டு முறை வருவதுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் என்ன? ஆண்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். தான் சொல்லி மாமனார் முகம் சுண்டிப்போக வேண்டாம்.

யெர்கின் கார்பரேட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலகையில் பரப்பினான். ஒரு சின்னத் துண்டு உருண்டு தண்ணீரில் விழுந்தது.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லப்பா. அது இல்லாமலும் ஓடும்."

"உன்னப் பெக்காமலும் என் பொழப்பு ஓடியிருக்கும்" என்றார் செய்தாலி.

ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. யெர்கின் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய் ஃபோன் பேசிவிட்டு வந்து, அப்பாவைத் தனியே கூப்பிட்டுக் கிசுகிசுத்தான். செய்தாலியின் உள்ளங்கை கயிற்றில் கிழிந்து ரத்தம் வந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். உடம்பு சரியில்லாத சம்பந்தியைப் பார்க்க ஒரு மனிதர் இப்படி உயிரைக் கொடுத்து இழுப்பாரா? மாரல் அந்தக் கேள்வியைக் கிட்டே வரவிடவில்லை.

பதினொன்றரைக்கு ஒராஸ் பொறுக்கமாட்டாமல் கரையிலிருந்து கத்தினார். "டேய், ஏதாவது பண்ணுங்கடா! தொழுகை முடிஞ்சதும் தூக்கிருவாங்கல்ல!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். யெர்கின் அவரை முறைத்தான். செய்தாலி கயிற்றைப் பிடித்தபடி நின்றார். மாரலின் பக்கம் திரும்பவில்லை.

மாரல் எழுந்தாள். மருமகள் மாமனாரின் குறுக்கே நடக்கக் கூடாது. அவள் குறுக்கே நடந்தாள். அவர் முழங்காலை இடித்துக்கொண்டு போய், குனிந்து, கறுப்புத் திருகை இடப்பக்கம் அரைச்சுற்றுத் திருப்பினாள். தொட்டி 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தது. விலா உப்பியது. ரப்பர் உருண்டையை நாலு முறை அமுக்கினாள், கல்லாக இறுகியது. மாமனாரின் கையிலிருந்த கயிற்றை வாங்கி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் மோட்டார் கத்தியது.

யெர்கின் படகைத் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டான்.

ஆனால் யெர்கின் கை வைத்த கார்பரேட்டர் பாதி வேகத்துக்கு மேல் போகவிடவில்லை. கொஞ்சம் கூட்டினால் திணறியது. ஒரு மணி நேரப் பாதை இரண்டு மணி நேரம் ஆனது. மாரல் பின்பக்கமே உட்கார்ந்து ஓட்டினாள். செய்தாலி தன் படகிலேயே விருந்தாளிபோல முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். காற்று அவள் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளியது. அவள் சரிசெய்யவில்லை. ஒப்பாரிக்கு முதல் அடியைத் தேடிக்கொண்டே வந்தாள். கிடைத்தது. இரண்டாவது அடியும் கிடைத்தது. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்கரையில் ஆண்கள் மண்வெட்டிகளோடு இடுகாட்டு மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

துறையில் நின்ற பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா படுத்திருந்த இடத்தைக் காட்டினார்கள். விரிப்பை ஏற்கெனவே சுருட்டியாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி மகளுக்குப் பதிலாக நின்று ஒப்பாரி சொன்னாளாம். நல்ல குரலாம். "ஊரே அழுதுச்சு கண்ணு" என்று ஆறுதல் சொன்னார்கள். மாரல் வாயைத் திறந்தாள். ஏரியில் கிடைத்த இரண்டு அடியும் வரவில்லை. அம்மாவை எடுத்துவிட்ட பிறகு யாரை வைத்துச் சொல்வது?

செய்தாலி வாசலில் வந்து நின்றார். கைக்குட்டை முழுக்க ரத்தமாக இருந்தது. கெட்ட மனிதர் இல்லை, கண் கலங்கியிருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"அந்தத் திருகு விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா, கண்ணு?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஐயோ! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? பெத்தவ முகத்தப் பார்த்திருப்பியே!"

பெண்கள் எல்லோரும் மாரலைத் திரும்பிப் பார்த்தார்கள். இவளுக்குத் தெரியுமாமே. தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருந்தாளாமே.

மாரல் நிமிர்ந்து மாமனாரின் கண்ணைப் பார்த்தாள்.

"நீங்களுந்தான் மாமா ஒரு வார்த்த சொல்லல. செத்துட்டாங்கன்னு சொல்லியிருந்தா, எட்டேகாலுக்கே சொல்லியிருப்பேன்."

அவள் மாமனாரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் வெளியே போய்விட்டார். இறைச்சி வெந்து, பெரிய தட்டுகளில் வந்தது. ஆண்கள் ஒரு கூடாரத்தில் சாப்பிட்டார்கள், பெண்கள் ஒரு கூடாரத்தில். யெர்கின் யாரிடமோ கார்பரேட்டரைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலத்துக்குள் இரண்டு கரையிலும் பேச்சு பரவிவிட்டது: கதீஷாவின் மகள், தாயை மண்ணில் வைத்த அன்றைக்கே, மாமனாரை எதிர்த்துப் பேசினாள்.